பெரிய ரோட்டில் நடக்கச் சொன்னவள்

இன்று காலை முன்னறைச் சன்னலின் கண்ணாடிப் பட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. முதல் பட்டையைத் துடைத்ததுமே வெள்ளைத் துணி அடுப்புச் சட்டி துடைத்த துணி மாதிரி ஆகிவிட்டது. இத்தனைக்கும் போன மாதம்தான் துடைத்தேன். சாதாரணத் தூசி என்றால் உதறினால் போய்விடும். இது எண்ணெய்ப் பசையோடு விரலில் ஒட்டிக்கொள்கிறது, சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் தங்கிவிடுகிறது. முகர்ந்து பார்த்தேன். பஸ் புகை வாசம். உடனே நீ வந்துவிட்டாய்.

மேல்மாடியில் உன் வீட்டு வாசலில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டிதான் முதலில் ஞாபகம் வந்தது. ஓர் இலையைத் தேய்த்துவிட்டு, கறுத்த கட்டைவிரலை என் மூக்குக்கு நேராக நீட்டுவாய். "பாத்தியா ஸ்டெல்லா, இதத்தான் நாம தினமும் இழுக்குறோம்" என்பாய். "கழுவிட்டு ரசத்துல போடு, இரும்புச் சத்து" என்று நான் கிண்டலடிப்பேன். நீயும் சிரித்துவிடுவாய். எனக்கு எதையும் சிரித்தே ஒதுக்கிவிடும் பழக்கம். உனக்கு என் சிரிப்பை நம்பும் பழக்கம்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது பாதிரியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது பாவம் இல்லம்மா, பயம்" என்றார். நல்ல மனிதர். ஆனால் இந்தக் கதையை முதலில் கேட்டிருக்க வேண்டியவள் நீதான். உன்னிடம் ஒரு வார்த்தைகூட நான் ஒப்புக்கொண்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் நடக்க ஆரம்பித்த கதை உனக்கே தெரியும். இருபத்து இரண்டு வருஷம் ஒரே ஃபேக்டரியில் ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் நாம். உட்கார்ந்து உட்கார்ந்தே உனக்கு இனிப்பு நீர் வந்தது, எனக்கு இடுப்பு வலி வந்தது. கிளினிக்கில் நர்ஸ் உன் கார்டைப் பார்த்துவிட்டு, தினமும் அரைமணி நேரம் வேகமாக நடக்காவிட்டால் அடுத்தது ஊசிதான் என்று சொல்லிவிட்டாள். நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இழுப்பு உண்டு. வேகமாக நடந்தால் மூச்சு வாங்குமே என்று தயங்கினாய். "நான் இருக்கேன்ல, வா" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னது நான்தான்.

சட்டம் போட்டதும் நான்தான். அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் பாசாருக்கு, அந்தக் காய்கறிச் சந்தைக்கு, பின்னாலிருந்த லோரோங்கில், அந்தச் சின்னச் சந்தில், பட்டப்பகலில் என் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மோட்டர் சைக்கிள், இரண்டு பேர். சங்கிலி அறுவதற்குள் என்னைக் கொஞ்ச தூரம் இழுத்தே போனார்கள். இடது முழங்கையில் இன்னும் தகடு இருக்கிறது. அதிலிருந்து பின்னால் மோட்டர் சத்தம் கேட்டாலே என் உடம்பு மரத்துப்போகும். இதை யாரிடமும் நான் பயம் என்று சொன்னதில்லை. "ஜாக்கிரதை" என்று பெயர் வைத்திருந்தேன்.

என் ஜாக்கிரதையை உனக்கு அப்படியே மனப்பாடம் செய்ய வைத்தேன். பெரிய ரோட்டில் மட்டும்தான் நடக்க வேண்டும். சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் நடக்க வேண்டும், அப்போதுதான் ஜன நடமாட்டம் இருக்கும். வாகனம் எதிரே வரும் பக்கமாக நடக்க வேண்டும், யார் வருகிறார்கள் என்று தெரியும். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு இரண்டு ஊக்கு குத்திக்கொள்ள வேண்டும். சாவியை உள்ளங்கையில் மடக்கிக்கொள்ள வேண்டும். பை, பர்ஸ், போன் எதுவும் கூடாது. தொங்குவது எதுவாக இருந்தாலும் திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி என்று சொன்னேன். நீ தலையைத் தலையை ஆட்டினாய்.

ஜெலுத்தோங் ரோடு ஆறு மணிக்கு எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபேக்டரி பஸ்கள், லோரிகள், வீட்டுக்குப் பறக்கும் மோட்டர்கள் எல்லாம் சேர்ந்து சிக்னலில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் நாம் அவற்றுக்கு எதிரே, முகத்தைக் கொடுத்துக்கொண்டு, கைகளை வீசி நடப்போம். நீ துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொள்வாய். மூன்றாவது நாளே கேட்டாய்.

"உள்ள லோரோங் வழியா போவோம்லா ஸ்டெல்லா. அங்க மரம் இருக்கு, காத்து வருது."

"அங்க திருடனும் இருக்கான்."

"எல்லா நாளுமா இருப்பான்?"

"ஒரு நாள் இருந்தா போதாதாடி? என் கைய பாரு."

என் கையைக் காட்டினால் நீ வாயை மூடிக்கொள்வாய். அந்தத் தழும்பை நான் எத்தனை முறை உன்மேல் பிரயோகித்தேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நீ இருமுவாய். மாடிப்படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று இருமுவாய். "நெஞ்சு கட்டுன மாதிரி இருக்குடி" என்பாய். "இத்தன வருஷம் உக்காந்தே கெடந்த நுரையீரல், இப்பத்தான் தெறக்குது, சளி வெளியேறுனா நல்லதுதான்" என்று நான் சொல்வேன். எனக்கு எந்த டாக்டர் சொன்னது? யாருமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். அதோடு விட்டேனா, மறுநாள் இன்னும் வேகமாக நடக்க வைத்தேன். மூச்சை ஆழமாக இழு என்றேன். உடம்பு வேர்த்தால்தான் சர்க்கரை இறங்கும் என்றேன். நீயும் ஆழமாக இழுத்தாய்.

நடந்ததால் பலனே இல்லை என்று சொன்னால் அது பொய். ஐந்து மாதத்தில் உன் சர்க்கரை இறங்கியது, எடை குறைந்தது. நர்ஸ் உன் கார்டைப் பார்த்து, மாத்திரையைக் குறைக்கலாம் என்று சொன்னாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. உனக்குப் பதிலாக நானே அந்த நர்ஸிடம், "நான்தான் தினமும் இழுத்துட்டுப் போறேன்" என்று பீற்றிக்கொண்டேன். கடையில் எனக்குச் சூடாக ஒரு கொப்பி வாங்கிக் குடிக்கக் கொடுத்து, "என் உயிர காப்பாத்திட்டேடி" என்று நீ சொன்னாய். அதை மறக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

ஜனவரியில் மழையே இல்லை. பத்து நாளாக வானம் சாம்பல் நிறமாக, அசையாமல் கிடந்தது. அன்றைக்கு முன்னால் எங்கோ ஒரு லோரி பழுதாகி நின்றதால் ரோடு முழுக்க ஜாம். வாகனங்கள் நகரவேயில்லை, ஆனால் ஒன்றுகூட இஞ்சினை நிறுத்தவில்லை. சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பழைய பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அதைக் கடக்கும்போது நீ நின்றாய். நான் நாலைந்து அடி முன்னால் போய்விட்டேன். திரும்பி, "என்னடி, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன். நீ கம்பித் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. விசில் மாதிரி ஒரு சத்தம் உன் நெஞ்சிலிருந்து வந்தது. உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

"பம்ப் எங்க?" என்று கத்தினேன். வாயில் வைத்து இழுப்பாயே, அந்த நீலப் பம்ப்.

நீ வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாய். பம்ப்பை நீ எப்போதும் ஒரு சின்னப் பர்ஸில்தான் போட்டு வைத்திருப்பாய். அந்தப் பர்ஸைக் கொண்டுவரக்கூடாது என்று சட்டம் போட்டவள் நான். போனையும் கொண்டுவரக்கூடாது என்று சொன்னவள் நான். இரண்டு பேர் கையிலும் இருந்தது ஆளுக்கொரு சாவி.

அப்போதுதான் ஒரு மோட்டர் நமக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஹெல்மெட் போட்ட ஆள் இறங்கி உன்னை நோக்கிக் கையை நீட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்கு மூச்சே இல்லை, நீ பார்த்திருக்க மாட்டாய். மடக்கிப் பிடித்திருந்த சாவியோடு அவர் நெஞ்சில் குத்தினேன். "திருடன், திருடன்" என்று அலறினேன். அவர் பின்வாங்கி, ஹெல்மெட்டைக் கழற்றினார். நரைத்த தலையோடு ஒரு சீனப் பெரியவர். தன் மகளுக்கும் இதே நோய் என்றும், ஜாமில் நிற்கும் காடிகளுக்கு நடுவில் மோட்டரால்தான் புகுந்து போக முடியும் என்றும் மலாயில் சொன்னார். உன்னைப் பின்னால் உட்கார வைத்து, என் துப்பட்டாவால் உன்னைத் தன் முதுகோடு கட்டச் சொன்னார். எனக்கு முடிச்சு விழவே இல்லை. அவரே கட்டினார். நீங்கள் இரண்டு பேரும் அந்தப் புகைக்குள் போய் மறைந்ததும், நான் ரோட்டோரமாக ஓடினேன்.

நான் ஹாஸ்பித்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உன் முகத்தில் முகமூடி மாட்டி மருந்தை இழுக்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கண்ணால் சிரித்தாய். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் தமிழ் டாக்டரம்மா வந்து எங்கே நடக்கிறீர்கள், எத்தனை மணிக்கு நடக்கிறீர்கள் என்று கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"நடக்குறத மட்டும் நிறுத்தாதீங்க. இனிப்பு நீருக்கும் சரி, நெஞ்சுக்கும் சரி, நடைதான் நல்லது. ஆனா வேகமா நடக்கும்போது நாம பல மடங்கு காத்த உள்ள இழுக்குறோம். அந்த ரோட்ல, அந்த நேரத்துல, எத இழுக்குறீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. காலையில போங்க. ஒரு வரிச வீடு தள்ளி உள்ள போனாலே வித்தியாசம் இருக்கும். பம்ப் இல்லாம வாசப்படி தாண்டக் கூடாது."

நீ என் பக்கம் திரும்பினாய். நான்தானே முதல் வாரத்திலேயே சொன்னேன் என்று ஒரு பேச்சு, ஒரு பார்வை, எதுவும் இல்லை. என் கையைத் தட்டிக் கொடுத்தாய். திட்டியிருக்கலாம் நீ. இரண்டு கெட்ட வார்த்தையாவது சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு நாம் உள் லோரோங்குக்குப் புறப்பட்டோம். பம்ப் உன் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கியது. நீ பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உற்சாகமாக இருந்தாய். லோரோங் முனையில் மாமரத்தடியில் நின்று, "மூச்ச இழுத்துப் பாரேன்" என்றாய். எனக்கு மூச்சே வரவில்லை. உள்ளே எங்கோ ஒரு மோட்டரை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. என் இடது கை விறைத்துவிட்டது. முழங்கால் வலிக்கிறது என்று சொல்லித் திரும்பிவிட்டேன். மறுநாளும் முழங்கால் என்றேன். அதற்கு மறுநாள் தலைவலி. நீ ஒவ்வொரு நாளும் ஷூ போட்டுக்கொண்டு என் கதவைத் தட்டினாய், ஒவ்வொரு நாளும் ஷூவோடு மாடி ஏறினாய்.

ஒரு நாள் கேட்டாய். "அப்ப நான் தனியா போயிட்டு வரட்டா?"

"லோரோங்குக்கா? தனியாவா? செத்தாலும் போகக் கூடாது" என்றேன். அந்த வார்த்தைதான் வாயில் வந்தது. அதோடு விடவில்லை. உன் மகள் கவிதாவின் மேல் சத்தியம் செய்யச் சொன்னேன். நீ தயங்கினாய். நான் என் கையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். நீ சத்தியம் செய்தாய்.

சர்க்கரைக்கு நடந்தே ஆக வேண்டும். லோரோங்குக்குப் போகமாட்டேன் என்று சத்தியம். காலையில் என் துணை இல்லாமல், ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் நடக்க உனக்குத் துணிச்சல் இல்லை. ஆக, ஜனம் இருக்கும் ஆறு மணிக்கே மறுபடியும் பெரிய ரோட்டுக்குப் போனாய். எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாய். தெரியும். இன்று காலை துடைத்தேனே, அந்தச் சன்னலில் நின்று நான் பார்த்தேன். மூக்கில் துப்பட்டா, கழுத்தில் பம்ப், வாகனம் எதிரே வரும் பக்கமாக, ஒழுங்காக, நான் சொல்லிக்கொடுத்தபடி நடந்தாய். மூன்று வாரம் பார்த்தேன். இரண்டு மாடி இறங்கி வந்து, "வா, உள்ளே போவோம்" என்று சொல்ல எனக்குக் கால் வரவில்லை. கண்ணாடிப் பட்டையை மூடிவிட்டு சமையலறைக்குப் போனேன்.

பிப்ரவரியில் அந்தச் சாயந்தரம் பம்ப் உன் கையில்தான் இருந்ததாம். பல தடவை இழுத்தும் கேட்கவில்லையாம். ஆம்புலன்ஸ் ஜாமில் மாட்டிக்கொண்டது. இரண்டு நாள் மெஷினில் வைத்திருந்தார்கள். அதற்கு முந்திய வாரம் உனக்குச் சளிக்காய்ச்சல் இருந்தது, இழுப்பு சின்ன வயதிலேயே இருந்தது, இந்தப் புகைதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. உன் வீட்டுக்காரர் விதி என்று சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் அந்த ரோட்டில், அந்த நேரத்தில், உன்னைக் கொண்டுபோய் நிறுத்தியது விதி இல்லை. நான்.

கவிதா கோலாலம்பூரில் வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு இருக்க வந்துவிட்டாள். போன மாதம் என் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "நான்கூட போன்ல சொன்னேன் ஆன்ட்டி, அந்த ரோட்ல நடக்காதம்மான்னு. 'ஸ்டெல்லாவுக்கு சத்தியம் பண்ணிட்டேன், உன் மேல பண்ணது, மீற முடியாது'ன்னாங்க. என்ன சத்தியம் ஆன்ட்டி அது?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம், அது எனக்குக் கைவந்த கலை. ஆனால் அன்றைக்கு வாய் ஒத்துழைக்கவில்லை. பர்ஸ், சாவி, முழங்கால் வலி, சன்னல், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். பதினொரு நாள் படியில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது.

பன்னிரண்டாம் நாள் காலை ஆறரைக்குக் கதவு தட்டும் சத்தம். கவிதா ஷூ போட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கும் லேசாக இழுப்பு உண்டு, உனக்குத் தெரியும். கண் வீங்கியிருந்தது.

"கிளினிக்ல எனக்கும் நடக்கச் சொல்லிட்டாங்க. வாங்க ஆன்ட்டி."

"எந்தப் பக்கம்மா?"

"அம்மா ஆசப்பட்ட பக்கம்" என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கினாள்.

நான் இரவு உடுப்போடு அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். லோரோங் முனை வந்தது. அவள் நிற்காமல் உள்ளே போனாள். மாமரத்தடியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு நானும் உள்ளே போனேன். காற்று லேசாக, ஈரமாக இருந்தது. பாதி தூரம் போயிருப்போம், பின்னால் மோட்டர் சத்தம். வேகத்தைக் குறைத்துக்கொண்டு எங்களை நோக்கித்தான் வந்தது. முழங்கை விறைத்தது. 'ஓரமா வா, கழுத்த மூடு, திரும்பு, வீட்டுக்குப் போவோம்' என்று எல்லாச் சட்டமும் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளைச் சுவர்ப் பக்கம் விட்டுவிட்டு, நான் ரோட்டுப் பக்கம் மாறிக்கொண்டேன். மோட்டர் எங்களைத் தாண்டியது. பின்னால் பெட்டி கட்டிய ரொட்டிக்காரர். இரண்டு வீடு தள்ளி நிறுத்தி ஹாரன் அடித்தார்.

"ஏன் ஆன்ட்டி இப்படி வேர்க்குது?" என்று கவிதா கேட்டாள்.

"நடந்தா வேர்க்காதா?" என்றேன்.

அவள் ஆழமாக மூச்சை இழுத்தாள், இருமவில்லை. நான் கவனித்துக்கொண்டே வந்தேன். அன்றிலிருந்து தினமும் போகிறோம். பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஒவ்வொரு காலையும் லோரோங் முனையில் அது எனக்காகக் காத்திருக்கிறது, கூடவே வருகிறது. உனக்குக் கொடுத்த மாதிரி அதை இனி யாருக்கும் கொடுக்கமாட்டேன். நானே வைத்துக்கொண்டு நடக்கிறேன்.